காதுக்குக் கூலி

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எங்கள் மாடி அறை. பொழுது விடியும்போதே ஐந்து பெண்களும் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்துவிடுவோம். காப்பீட்டு நிறுவனத்திடம் யார் யாரோ போனில் அழுததை, கெஞ்சியதை, திட்டியதை ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். பஸ் ஹார்னுக்கு மேல் கேட்க ஒலியைக் கூட்டிக் கூட்டி, தாமரைச்செல்விக்கு இடது காதில் ஓயாத இரைச்சல். பாதி நாளாவது ஓய்வு கொடுக்காவிட்டால் அந்தக் காது போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் கலைவாணன் வந்தார். சென்னையில் வேலை வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர். இதுவரை ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்தார். இனிமேல் கேட்டல், தட்டச்சு, சரிபார்ப்பு என்று வகை பிரித்து, மணிக்கணக்கில்தான் பில்லாம். கேட்டலுக்கு ஒன்றும் கிடையாது. அதில் மிச்சம் பிடித்ததில் கொஞ்சத்தைச் சரிபார்ப்புக்குக் கூட்டியிருந்தார்.

தப்பு எங்கள் மேலும் இருந்தது. எங்கள் வேலை நேரத்தைக் கலைவாணனுக்குக் காட்ட கணினியில் ஓடும் கடிகாரத்தில் கேட்டலுக்கு முதலிலிருந்தே ஒரு கட்டம் உண்டு. ஒருத்தியும் அதைத் தொட்டதில்லை. எங்களில் பெரும்பாலோர் நடவுக்கும் அறுப்புக்கும் போன வீட்டுப் பெண்கள். கை ஓடாத நேரத்துக்குக் கூலி கேட்கக் கூச்சம். கடிகாரத்தை நிறுத்திவிட்டு, பதிவை முழுக்கக் கேட்டுவிட்டு, தட்டச்சைத் தொடும்போதுதான் ஓடவிடுவோம். எங்கள் யோக்கியதையே எங்களைக் கவிழ்த்துவிட்டது.

“கேக்காம எப்புடி சார் அடிக்கிறது?” என்றாள் தாமரைச்செல்வி.

“அது உங்க பாடும்மா. நீங்களே காலியா வுட்ட கட்டத்துக்கு நான் எங்கேருந்து பணம் தர்றது?”

வக்கீல் ஒருவரிடம் போனோம். நீங்கள் தொழிலாளிகளே இல்லை, சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். முதலாளிப் பட்டத்தோடு வெறுங்கையாகப் படியிறங்கினோம்.

பழைய வருமானம் வர இரண்டு மடங்கு பதிவு கேட்க வேண்டும். வீட்டை நினைத்து தாமரைச்செல்வி அதற்கும் ஒப்புக்கொண்டாள். “காது போனா போவுது” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் செய்வதற்கு ஒரு வழியும் தெரியவில்லை.

திருமலைராயன்பட்டினத்திலிருந்து வரும் ஆஸியா பீவியை லாத்தா என்போம், எங்களுக்கு மூத்தவர். சரிபார்ப்பு முழுவதும் அவர் வேலை. புதுக் கணக்கில் லாபம் அவருக்கு மட்டும்தான். அவர்தான் பேசினார்.

“கட்டம் காலின்னுதானே காசு இல்லங்குறார்? நாளையிலேருந்து கேக்குறப்பவே கடியாரத்த ஓட வுடுங்க. நானும் கேட்டல்னுதான் போடப்போறேன். கேட்டுக் கேட்டுத்தானே சரிபாக்குறேன்.”

உங்களுக்கு நஷ்டமாச்சே லாத்தா என்றேன்.

“இந்தப் புள்ள காதை வித்து வர்ற காசு எனக்கு எதுக்கு?”

மறுநாள் ஐந்து கடிகாரமும் கேட்டலில் ஓடின. கலைவாணன் போனில் கத்தினார். வேலையை நாகப்பட்டினத்து ஆட்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார். மத்தியானத்துக்குள் தாமரைச்செல்வி கணினியில் நுழையும் கணக்கை முடக்கிவிட்டார். அடுத்து யார் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

லாத்தா அவள் கையைப் பிடித்து இழுத்தார். “எங்க போற? இங்கேயே இரு. வர்றத அஞ்சு பேரும் பிரிச்சுக்குவோம்.”

போன் மறுபடி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. தாமரைச்செல்வி வெறும் காதோடு எங்கள் நடுவில் உட்கார்ந்தாள். நாங்கள் நால்வரும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தோம். கடிகாரங்கள் ஓடின.