செவப்பிக்குப் போட்ட சாப்பாடு

மூடியைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. முந்தாநாள் வரை செம்மண் நிறத்தில் இருந்த புள்ளிகள் வெளுத்து, சளி மாதிரி வழிந்து கிடந்தன. ஆறு தட்டு. ஆறும் போச்சு. வேறு யார் தலையிலும் பழியைப் போட வழியில்லை, செய்தது நான்.

ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் தட்டுகளைக் கழுவுவதும் அதற்குத் தீனி கலப்பதும் என் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறேன். எங்கள் ஆராய்ச்சியாளர் அக்கா (இயக்குநருக்குக்கூட அவர் அக்காதான்) வெயிலிலும் மழையிலும் பொரிந்துபோன ஒரு பாறையைச் சுரண்டி இந்தத் தட்டுகளில் இருந்தவளைப் பிடித்து வந்தார். உலகத்தில் யாருமே பார்க்காத இனம். அதை நிரூபிக்கவே அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. நாங்கள் கூப்பிடுவது செவப்பி. முறையான பெயர் கிடைக்க, உயிருள்ள செவப்பியை இரண்டு நாட்டு நுண்ணுயிர்ச் சேமிப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும். செத்ததை அனுப்பினால் அப்படி ஓர் இனமே இல்லை என்று அர்த்தம். கெடு முடிய இருபத்தைந்து நாள். காப்புக்காக உறையவைத்த குழாய்களில் இருந்தவளும் போன வாரம் செத்துப்போனாள். இவளோ கண்ணில் தெரியவே மூன்று வாரம் எடுப்பவள்.

எனக்குப் பொறுக்கவில்லை. பாவம், காலமெல்லாம் கல்லை நக்கிக்கொண்டு கிடந்தவள், நாலு வாய் நல்லதாகச் சாப்பிட்டால் மளமளவென்று தேறிவிடுவாள் என்று, யாரையும் கேட்காமல், இருந்த புள்ளிகளை எல்லாம் வழித்து, சத்தை நாலு மடங்கு கலந்த புதுத் தட்டுகளுக்கு மாற்றினேன். ஒன்றையாவது பழையபடி விட்டுவைக்கத் தோன்றியதா இந்த மரமண்டைக்கு?

அக்கா வந்ததும் சொல்லிவிட்டேன். அவர் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எத்தனை நாள்ல வெளுத்துச்சு?"

"மூணு. திட்டிடுங்கக்கா, மனசாவது ஆறும்."

"திட்டுனா எழுந்து வந்துருவாளா? இரு, எழுதிக்கிறேன்."

எழுதினார். என் முட்டாள்தனத்தை, அளவோடும் நாளோடும், அந்த இனத்தைப் பற்றிய குறிப்பாக எழுதினார்: மிகுந்த சத்தில் மூன்றே நாளில் மடிகிறது. வேறொருவராக இருந்தால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பிறகு மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு காகித உறையை எடுத்தார். உள்ளே அந்தப் பாறையின் சில்லு, மூன்று வருஷமாகக் காய்ந்து கிடந்தது.

"இதுல இன்னும் ஒட்டிக்கிட்டு இருப்பா. இந்தக் கல்லுல இவளுக்குத் தின்ன என்ன கெடைச்சிருக்கும்?"

"ஒண்ணுமே இல்லக்கா."

"அப்ப அதையே குடு."

சில்லைப் பொடித்து, சத்து எதுவும் சேர்க்காமல் வெறும் கடற்பாசிக் கூழை இறுகவைத்த தட்டுகளில் தூவினோம். தினமும் வந்து பார்த்தேன். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டுதான் பார்த்தேன், அதற்கு இரக்கம் அதிகம்.

இருபத்திரண்டாம் நாள் காலை அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். ஒரு தட்டு உருப்பெருக்கியின் கீழே தயாராக இருந்தது.

"நீ பாரு."

"நீங்க பாக்கலியாக்கா?"

"நீ பாருன்னேன்ல."

குனிந்தேன். தட்டின் ஓரத்தில், ஊசிமுனை அளவில், ஐந்தாறு புள்ளிகள். அவளா, வேறு ஏதாவது அழுக்கா என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். விளக்கைக் கூட்டினேன். செம்மண் நிறம். நிமிர்ந்து பார்த்தால், மூன்று வருஷம் அசராமல் நின்ற அந்த மனுஷி மேசை விளிம்பைப் பிடித்தபடி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.