நடவாத பாதங்கள்

அன்று காலை அத்தாலரின் சாயச்சாலையில் இருந்தோர் இவர்: சாலைக்கு உரியவரும், அரசுக்கு மறைவாய்க் கூடி ஆண்டவரை வழிபடும் அவ்வூர்த் திருக்கூட்டத்துக்கு மூப்பருமாகிய அத்தாலர், கம்பளி சிக்கெடுக்கும் கிளைக்கோன், செல்வர் ஒருவரின் மாளிகையில் அடிமைகளாய் உழைத்து, நூல் வாங்கப் போவதாகச் சொல்லி ஒரு நாழிகையைக் களவாடி வந்திருந்த பெண்கள் இருவர், வாயில் காக்கும் கைம்பெண் தத்தியாள், இவர்களோடு, அதுவரை ஒருவரும் கண்டிராத, தூதனென்று கடிதத்தோடு வந்த நிக்கோன் என்னும் வழிப்போக்கன்.

வெளியே எராப்பொலி நகர், பால் பொங்கி மலைச்சரிவெங்கும் வழிந்து அப்படியே உறைந்துவிட்டாற்போன்ற தன் வெண்பாறைகளின் மேல் வெயில் ஏற விட்டுக் கிடந்தது. வெந்நீர் ஊற்றுகளின் ஆவி கோவில் புகையோடு கலந்து, எது தெய்வத்துக்கு ஏறுவது, எது வெறும் நீராவி என்று பிரித்தறிய இயலாதபடி ஒரே திரையாய்ப் பரவ, கீழே பள்ளத்தாக்கில் கரிய ஆட்டுமந்தைகள் மை சிந்தியதுபோல் நகர்ந்தன. சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர் வேகும் நெடி தெருவெல்லாம் நிறைந்திருந்தது. அந்த நெடிக்குப் பயந்து பெரிய மனிதர் யாரும் சாயச்சாலைப் பக்கம் வருவதில்லை. திருக்கூட்டம் அங்கே கூடியதற்கு அதுவே காரணம்.

ஒரு திருக்கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு வழிநடந்து வரும் தூதர்க்கு அந்நாட்களில் ஒரு கட்டளை இருந்தது. தூதன் ஒருவன் வந்தால் ஆண்டவரே வந்தாற்போல் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்க விரும்பினால் அவன் பொய்யன். புறப்படும்போது அன்றைய வழிக்கு வேண்டிய அப்பம் ஒன்றே அவனுக்குரியது. வந்த விருந்தினரின் கால்களைக் கழுவுவது கைம்பெண்களின் கடமை. அக்கடமையைத் தத்தியாள் வேறெவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பணிவினால் என்று கூட்டத்தார் எண்ணினர். அவளோ பாதங்களைப் படித்துக்கொண்டிருந்தாள். கடலோரத்திலிருந்து மலைமேல் ஏறி வந்தவனின் குதிகால் வெயிற்காலத்து ஏரிபோல் வெடித்திருக்கும். விரலிடுக்கில் செருப்புவார் அறுத்த தழும்பு இருக்கும். நாக்கு பொய் சொல்லப் பழகுவதுபோல் உள்ளங்கால் பழகுவதில்லை என்பது அவள் கண்ட உண்மை.

நிக்கோனின் காலை நீரில் எடுத்தபோது அவள் கை நின்றது. அது தொட்டிற்குழந்தையின் கால்போல் மென்மையாய் இருந்தது.

"எங்கேந்து வர்றீங்க ஐயா?"

"எபேசுலேந்து. நடந்துதான் வந்தேன், அக்கா. ஆறு நாளாச்சு."

அவள் துடைத்துவிட்டு, நீரைக் கொட்டும் சாக்கில் அத்தாலரைக் கொல்லைக்கு அழைத்தாள்.

"இவன் நடக்கலண்ணே. வண்டியில வந்திருக்கான். வண்டிக்கு யாரு குடுத்தா? எதுக்கு நடந்தேன்னு பொய் சொல்றான்?"

"கடிதம் கொண்டாந்திருக்காரும்மா. எபேசு மூப்பரோட எழுத்து எனக்குத் தெரியும். முத்திரையும் சரியா இருக்கு."

"எழுத்த நீங்க பாருங்க. கால நான் பாத்துட்டேன்."

பின்னால் வந்து நின்ற கிளைக்கோன் சிரித்தான். "ஆண்டவரே வந்து வாசல்ல நின்னாலும் இவ காலக் காட்டச் சொல்லுவா."

"சொல்லுவேன். அவரு காட்டுவாரு. உன்ன மாதிரி பல்லக் காட்ட மாட்டாரு."

அவளது ஐயத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. மூன்று பனிக்காலத்துக்கு முன், பக்கத்து ஊரில், தேனொழுகப் பேசிய வழிப்போக்கன் ஒருவன் அவள் வீட்டில் உண்டு உறங்கி, கூட்டத்தார் கூடி அப்பம் பிட்டு வழிபடும் நாளில் எல்லார் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனான். திங்கள் ஒன்று நிறையுமுன் பதினொருவர் அரசின் காவலரிடம் பிடிபட்டனர். அவள் கணவன் மானேசு அவர்களுள் ஒருவன். அரசனைத் தெய்வமாய் ஏற்று அவன் உருவத்தின்முன் ஒரு சிட்டிகை நறும்புகை இட்டிருந்தால் அவன் வீடு திரும்பியிருப்பான். இடவில்லை. அதன்பின் எராப்பொலிக்கு வந்த தத்தியாளிடம் மூப்பர் வாயிலை ஒப்படைத்ததற்குக் காரணம், அவளைவிட நன்றாகச் சந்தேகப்பட அவ்வூரில் ஆள் இல்லை என்பதே.

அந்த இரு நாளும் அவள் அவனை ஊசி நூலைத் தொடர்வதுபோல் தொடர்ந்தாள். அவன் சுவரில் முதுகு சாய்த்து வாயிலை நோக்கியே அமர்ந்தான். யாரேனும் கதவைத் தட்டினால் எழுந்து பின்கட்டுப் பக்கம் நகர்ந்தான். தெருவுக்கு அவன் போகவேயில்லை. ஒற்றனும் இப்படித்தான் இருப்பான், ஒற்றனுக்கு அஞ்சுபவனும் இப்படித்தான் இருப்பான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் இரண்டாம் நாள் மாலை அவன் கேட்ட ஒரு கேள்வியில் அவள் உள்ளம் ஒருபக்கமாய்ச் சாய்ந்துவிட்டது.

"நாளைக்கு அப்பம் பிட்க எத்தன பேரு வருவாங்க, அக்கா?"

"ஏன், நீங்க சமைக்கப் போறீங்களா?"

அவன் எழுந்து போய், நாளையொரு நாள் மட்டும் தங்க இடம் தருமாறு மூப்பரை வேண்டினான்.

வாரத்தின் முதல் நாள் கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. இன்னும் சிறிது நேரத்தில் இருபத்துமூவர் ஒருவர்பின் ஒருவராய் வந்துவிடுவர். அவர்களுள் அந்த அடிமைப் பெண்கள் இருவரும் இருப்பர். அடிமையின் வாக்குமூலத்தை வதைத்தே வாங்குவது அரசின் வழக்கம். அவர்கள் முகத்தை இவன் கண்டுவிட்டான். பெயர் இன்னும் தெரியாது.

"ஒரு நாள்தானேம்மா கேக்கறாரு," என்றார் அத்தாலர். "அந்தக் கட்டளை நாம போட்டுக்கிட்டதுதானே?"

"போட்டது நாம. செத்தது என் புருசன்."

தத்தியாள் அப்பம் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போய், நிக்கோனை எழுப்பி வாயிலுக்கு வெளியே நிறுத்தி, அதை நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை.

"வேணாம் அக்கா. உங்க வீட்டுக்காரரப் பத்தி நேத்து கிளைக்கோன் சொன்னாரு. அதுக்கப்புறம் உங்க கையால வாங்க முடியல."

"எதனால?"

"நான் நடந்து வரல. கம்பளி வண்டியில மூட்டைக்கு நடுவுல படுத்து வந்தேன். வண்டிக்காரன் நம்ம ஆளு. இங்க ஒற்றன் யாராச்சும் இருந்தா அவன் மாட்டிப்பானேன்னுதான் பொய் சொன்னேன்."

"சரி. வண்டியில வந்தா ஆறு நாள்ல கால் இப்படி ஆகாது."

"பதினாலு மாசம் சிறையில கால்மரத்துல மாட்டிக் கெடந்தேன்."

அவள் குனிந்து, தான் முதல்நாள் செருப்புவாரின் தடம் என்று எண்ணிக் கடந்துபோன வெளிறிய வளையத்தை அவன் கணுக்காலில் பார்த்தாள். நம்பினாள். நம்பிய கணமே அடுத்த சந்தேகம் எழுந்தது.

"அங்கேந்து எப்படி வெளிய வந்த?"

இங்கே, கற்றோரே, அவன் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நிலம் நடுங்கிச் சிறைக்கதவு தானே திறந்த கதைகளும், தளைகள் நூலென அறுந்துவிழுந்த கதைகளும் கடலோரம் முதல் மலைநாடு வரை எல்லாத் திருக்கூட்டங்களிலும் சொல்லச் சொல்ல வளர்ந்துவந்த காலம் அது. அவற்றுள் ஒன்றைச் சொல்லியிருந்தால் அத்தாலர் கண்ணீர் மல்க அவனைத் தலைமேல் தூக்கி வைத்திருப்பார்.

"ஒரு சிட்டிகை சாம்பிராணி, அக்கா," என்றான் நிக்கோன். "அவ்வளவுதான். எரிஞ்சு முடிய மூச்சு விடற நேரம்கூட ஆகல. விட்டுட்டாங்க. கடிதம் உண்மைதான், பிடிபடறதுக்கு முன்னாடி குடுத்தது. அத வாங்கின பழைய நிக்கோன்தான் இப்ப இல்ல. யாருக்கும் என்னத் தெரியாத ஊருல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அப்பம் பிட்கற எடத்துல உக்காந்துட்டுப் போயிடலாம்னு..."

தத்தியாளின் முகத்தில் இரக்கம் தோன்றவில்லை. அவள் கண்முன் நின்றது மானேசின் கை: கம்பளி வெட்டித் தடித்த அந்த விரல்கள், ஒரு சிட்டிகையை எடுக்க மறுத்து மூடிக்கொண்ட விதம். அப்படி மறுத்தவன் மண்ணுக்குள் இருக்க, மறுக்காதவன் மூச்சோடு இங்கே நிற்கிறான். கதவைச் சார்த்திவிட்டால் போதும். ஒருவரும் அவளைக் குறைகூறார்.

ஆனால் நெடுநாள் சந்தேகத்திலேயே வாழ்ந்த மனத்துக்கு அதற்கென்று ஒரு நேர்மை உண்டு. ஒற்றனாய் இருந்தால் இதைச் சொல்வானா என்று அது கேட்டது. ஒற்றன், கடைசிவரை உறுதியாய் நின்றேன் என்பான். தழும்பைத் தானே காட்டுவான். தன்னைத் தெருவில் எறியச் செய்யும் ஒரே சொல்லை, எறியக்கூடிய ஒரே ஆளிடம், வெறுங்கையோடு நின்று சொல்பவன் அதனால் எதைத் திருடப்போகிறான்?

"அந்தக் கடிதத்தக் குடு."

கொடுத்தான். அவள் அதைக் கொண்டுபோய்ச் சாயக்கொப்பரையின் அடுப்பில் இட்டாள். பார்த்துக்கொண்டிருந்த அத்தாலர் பதறினார்.

"என்னம்மா பண்ற? மூப்பர் எழுத்தும்மா அது!"

"தூதனுக்கு மூணாம் நாள் இங்க இடமில்லண்ணே. கட்டள கட்டளதான். தூதன் போயிட்டான்." அவள் வாயிலுக்குத் திரும்பி வந்தாள். "இப்ப நீ யாரு?"

"யாருமில்ல, அக்கா."

"தப்பு செஞ்சுட்டு அழுதுக்கிட்டு வர்றவனுக்கு நாள் கணக்கு கிடையாது. ஆனா இதக் கேட்டுக்க. அப்பம் உனக்கு இல்ல. எப்பன்னு அண்ணன்மாரு முடிவு பண்ணுவாங்க, ரெண்டு வருசம் ஆகலாம், பத்து வருசம் ஆகலாம். பின்கட்டுல கம்பளி மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்து காதால கேளு. முகத்த யார் பக்கமும் திருப்பாத. வேல பாரு, வேர் இடிக்க ஆள் இல்ல. தெருவுக்குப் போகணும்னா நான் கூட வருவேன்."

"எத்தன நாளைக்கு?"

"எனக்குச் சந்தேகம் தீர்ற வரைக்கும்."

"அது தீராது, ஓடிடு தம்பி!" என்று உள்ளிருந்து கிளைக்கோன் குரல் கொடுத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் அவனை நம்பிவிட்டாள் என்று எழுதினால் கதை இனிதாய் முடியும். ஆனால் அது நிகழவில்லை. மன்னித்தாள் என்பதும் பொய். பிற்காலத்தார் இக்கூட்டங்கள் அன்பினாலும் அற்புதத்தினாலும் வளர்ந்தன என்று பாடியபோது, வீரர் பெயரையெல்லாம் வரிசையாய்ச் சொன்னார்கள். விழுந்தவர் பெயரையும், விழுந்தவரை முகம் கோணியபடியே உள்ளே விட்டவர் பெயரையும் சொல்ல மறந்தார்கள். மண்சுவரை நிறுத்துவது மேலே பூசிய வெண்சுதை அன்று. உள்ளே மிதிபட்டுக் கிடக்கும் வைக்கோல்.

தெருமுனையில் அடிமைப் பெண்கள் இருவரும் முக்காடிட்டு வந்துகொண்டிருந்தனர். தத்தியாள் அவர்களை முதலில் உள்ளே விட்டாள். மற்றவர்களையும் ஒவ்வொருவராய் முகம் பார்த்து விட்டாள். கடைசியாக நிக்கோன், அந்த மென்மையான பாதங்கள் கூழாங்கற்களில் கூச, வாயிற்படியைத் தாண்டிப் பின்கட்டை நோக்கி நடந்தான். அவள் தெருவை இருபுறமும் ஒருமுறை பார்த்துவிட்டு, உள்ளே நின்று, அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சார்த்திப் பூட்டினாள்.