பனி காயும் முன்

ஊரில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். விடியற்காலையில் என் பீன்ஸ் செடிகளை ஒன்று விடாமல் இலை புரட்டிப் பார்ப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவன் என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. என் வயல் முடிந்ததும் வரப்பைத் தாண்டி அக்கா வயலுக்குப் போவேன். அங்கேயும் பீன்ஸ்தான், அத்தான் இறந்தபின் அவள் தனியாகப் போட்ட முதல் பயிர். அது கைவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு என் வீட்டில் வந்து ஒண்ட வேண்டியதுதான். அவளுக்கும் என் மனைவிக்கும் ஏழாம் பொருத்தம்.

என் செடிகளின் இலைகளில் நீர் கோத்த மாதிரிப் புள்ளிகள் வந்தன. சுற்றிலும் மஞ்சள் வளையம். பூச்சிக்கு அடித்தேன், பூஞ்சைக்கும் அடித்தேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. கடைசியில் வேளாண் அதிகாரியை அழைத்து வந்தேன்.

அவர் ஓர் இலையை வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"இது பாக்டீரியா. நீங்க அடிச்ச மருந்து எதுவும் கேக்காது. விதையிலேயே வந்திருக்கும். விதை ஏது?"

"போன வருஷம் நானே எடுத்து வச்சது."

"தினமும் பாப்பீங்களா?"

"விடிஞ்சதும் வந்துடுவேன். ஒரு செடி விடமாட்டேன்."

"பனி காயறதுக்கு முன்னாடியா? கையால தொட்டா?"

"தொடாம எப்படிங்க பாக்கிறது?"

அவர் அந்த இலையை ஒரு பைக்குள் போட்டு வாயைக் கட்டினார். "ஈர இலையைத் தொட்டா கையிலயும் சட்டையிலயும் ஒட்டிக்கிட்டு அடுத்த செடிக்குப் போயிடும். இலை காஞ்ச பிறகுதான் உள்ள இறங்கணும். நோய் வந்ததைப் பிடுங்கிப் புதைச்சிடுங்க. ரெண்டு வருஷத்துக்கு இங்க பீன்ஸ் வேண்டாம். இங்கேர்ந்து வேற வயலுக்குப் போனீங்களா?"

நான் வரப்பைத் தாண்டி ஓடினேன்.

அக்கா வயலில் நான் இறங்கும் மூலையிலிருந்தே புள்ளிகள் தொடங்கியிருந்தன. காய்களிலும் எண்ணெய் பட்டது போலத் திட்டுகள். வேலியே பயிரை மேய்ந்திருந்தது.

அக்கா வந்தாள். "என்னடா சொன்னாரு?"

"பிடுங்கணும். பாதி போயிடும்."

அவள் ஒரு காயைத் திருப்பிப் பார்த்தாள். "நீ தினம் வந்து பாத்ததால பாதியாவது நிக்குது. இல்லேன்னா மொத்தமும் போயிருக்கும்."

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான்க்கா கொண்டு வந்தேன். ஈரத்துல என் செடியைத் தொட்ட கையோட வந்து உன் செடியைத் தொட்டேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். பிறகு வரிசைக்குள் இறங்கிப் பிடுங்கத் தொடங்கினாள். உதவிக்கு நானும் ஓரடி வைத்தேன்.

"அங்கேயே நில்லுடா," என்றாள், திரும்பாமல்.

வெயில் சாயும்வரை அவள் ஒருத்தியாகப் பிடுங்கினாள். நான் வரப்பில் நின்றேன்.