பத்து நாள் களிம்பு

லிஃப்ட் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை அவளுக்கு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை காதில் ஒரே பாட்டுதான்: "நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, அது தானா நின்னுடுச்சு." தானாக எந்த லிஃப்டும் நிற்பதில்லை. யாராவது கதவிடுக்கில் நாற்காலியைச் செருகியிருப்பார்கள், அல்லது ஆறு பேர் ஏற வேண்டியதில் பதினொரு பேர் ஏறியிருப்பார்கள். பத்துக் கேள்வி கேட்டுப் பதினோராவது கேள்வியில்தான் உண்மை வாயிலிருந்து வரும். ஊரார் உண்மையையெல்லாம் இப்படித் தோண்டி எடுப்பவள், தன் வீட்டுக் குளியலறை அலமாரியில் மூன்று மாதமாக நடந்த கூத்தைக் கண்டுபிடிக்கவில்லை.

மகளுக்கு எட்டு வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் மணிக்கட்டிலும் எக்ஸிமா. சிவந்து, தடித்து, நீர் கசிந்து, பென்சில் பிடித்தால் எரிகிறது என்று அழும். தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு ஒரு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தார். எப்படிப் பூசுவது என்பதை விரலை நீட்டியே சொல்லிக் கொடுத்தார்.

"உங்க ஆள்காட்டி விரல் நுனியிலேர்ந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்குங்க. உங்க ரெண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். தினம் ஒரு தடவை, புண்ணு இருக்கிற எடத்துல மட்டும். மாய்ஸ்சரைசர் தனி, அரை மணி நேரம் விட்டுப் போடணும். ரெண்டையும் ஒண்ணா கொழப்பாதீங்க. பத்து நாள்ல அடங்கிடும். வந்து காட்டுங்க."

அவள் அட்சரம் பிசகாமல் செய்தாள். கடிகாரம் பார்த்துப் பூசினாள். விரலில் கோடு தாண்டிவிட்டால் தாண்டியதைத் துடைத்தாள். பத்து நாள் போயிற்று, ஒரு மாதம் போயிற்று. விழலுக்கு இறைத்த நீர்தான். இரண்டாம் தடவை போனபோது டாக்டரம்மா, "தெனமும் பூசறீங்கதானே?" என்று கேட்டார். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நடுவில் ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் புது டியூபில் மறுபடி தொடங்கச் சொன்னார். தொடங்கினாள். அதுவும் அதே கதைதான்.

குற்றவாளி யார் என்று தேடினாள். சோப்பை மாற்றினாள், துணி துவைக்கும் பொடியை மாற்றினாள், போர்வையை மாற்றினாள். மாற்ற முடியாமல் மிஞ்சியது மகள்தான். "நீ சொறியற. அதான் ஆற மாட்டேங்குது." நகத்தை ஒட்ட வெட்டினாள், தூங்கும்போது கைகளில் சாக்ஸ் மாட்டினாள். "எவ்வளவு சொன்னாலும் உனக்கு ஏறாது. உன் அப்பா ரத்தம்தானே ஓடுது!"

அந்த அப்பா பெயின்ட் கடையில் கலர் கலக்குபவன். சுவரில் உதிர்ந்த ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே நிறத்தை ஒரு மணி நேரத்தில் டப்பாவில் கொண்டுவந்துவிடுவான். வீட்டிலோ வாய் திறந்தால் அதிசயம். இவள் புலம்பினால் "ஆறும், ஆறும்" என்பான். அவனுக்கே முழங்கையில் வெகுநாளாக சொரியாசிஸ் உண்டு. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். டாக்டரைப் பார் என்று இவள் வருஷக்கணக்காகச் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு. கடையில் தானே ஏதோ ஒரு டியூப் கேட்டு வாங்குவான், பூசுவான், முடிந்தால் இன்னொன்று வாங்குவான்.

மூன்றாம் தடவை போனபோது டாக்டரம்மாவின் முகம் இறுகியிருந்தது. மகளின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குமேல இந்தக் களிம்பு பத்தாது. நாலு மடங்கு வீரியம் உள்ளதை எழுதறேன். சின்னப் பிள்ளைக்கு இதைக் கொடுக்க எனக்கே மனசில்ல. ஒரு வாரந்தான், அப்புறம் நான் பார்த்தே ஆகணும். இதுக்கும் கேக்கலைன்னா அட்மிட் பண்ணி மாத்திரை ஆரம்பிக்கணும். அது கல்லீரலைத் தொடும், வாராவாரம் ரத்தம் எடுத்துப் பார்க்கணும்."

ஊசியைக் கண்டாலே ஓடுகிற பிள்ளை, ரத்தம் என்றதும் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது. "நான் இனிமே சொறியவே மாட்டேம்மா" என்றது.

மருந்துக்கடையில் சீட்டை நீட்டினாள். அங்கே இருந்த பெண், "பழசு எவ்வளவு மிச்சம் இருக்குக்கா? ரெண்டையும் சேர்த்துப் போட்டுடாதீங்க" என்றாள். பழைய டியூப் கைப்பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதிலிருந்து ஒரு பொட்டுப் பிதுக்கினாள், விரலில் தேய்த்தாள், நெற்றியைச் சுருக்கினாள்.

"இது எங்க வாங்கினதுக்கா?"

"உங்ககிட்டதான்!"

"இது ஆயின்மென்ட்டுக்கா. பிசுபிசுன்னு கண்ணாடி மாதிரி இருக்கணும். இது வெள்ளையா க்ரீம் மாதிரி இருக்கு."

அவ்வளவுதான், அவள் பிடித்துக்கொண்டாள். "போலி மருந்து விக்கிறீங்களா? மூணு மாசமா எம் பொண்ணு துடிக்கிறா! மேனேஜரைக் கூப்பிடு!" தினமும் நாற்பது பேரிடம் வாங்கிக் கட்டிக்கொள்பவள், அன்றைக்கு வட்டியும் முதலுமாக இறக்கினாள். வரிசையில் நின்ற இருவர் நைசாக வேறு கடைக்குப் போனார்கள்.

அந்தப் பெண் அலமாரியிலிருந்து அதே களிம்பில் சீல் உடைக்காத டியூபை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். புதியதின் அடிப்பக்கம் ஒரே சீராக மடிந்திருந்தது, அதில் காலாவதித் தேதி அச்சாகியிருந்தது. பழையதில் மடிப்பு மூன்று சுற்று, தேதி பாதி உள்ளே போயிருந்தது. மேலே குறடு பிடித்த பல் தடம் வரிசையாகத் தெரிந்தது.

"அடிப்பக்கத்தைப் பிரிச்சு மறுபடி மடக்கியிருக்காங்கக்கா" என்றாள் அந்தப் பெண், மெதுவாக.

அவள் டியூபை மூக்கருகில் கொண்டுபோனாள். வீட்டு மாய்ஸ்சரைசரின் வாசனை. குறடால் நெருக்கிய அந்த மடிப்பும் அவளுக்குப் பழக்கமானதுதான். அவள் வீட்டுப் பற்பசை டியூபை ஒரு மனிதன் தினமும் இப்படித்தான் மடிக்கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான், அந்தச் சோற்றை இவள் கையாலேயே பரிமாற வைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றாமல், புது மருந்தையும் வாங்காமல், சீட்டையும் டியூபையும் எடுத்துக்கொண்டு மகளை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பெயின்ட் கடையில் அவன் ஒரு பெரியவருக்கு இரும்புக் கேட்டில் அடிக்கப் பச்சை கலக்கிக்கொண்டிருந்தான். அவள் டியூபைக் கல்லாமேசையில் வைத்தாள்.

"இதுல என்ன கலந்தீங்க?"

அவன் டியூபைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், பச்சையைப் பார்த்தான்.

"வாயைத் திறங்க! இல்லாட்டி இந்த டப்பாவை உங்க தலையில கவுத்துடுவேன்."

"க்ரீம்தான்" என்றான். "மொதல்ல பாதிக்குப் பாதி. ரெண்டாவது டியூப்ல… ஒரு பங்கு மருந்து, மூணு பங்கு க்ரீம்."

"எதுக்கு?"

"அப்படியே போட்டா வீரியம் ஜாஸ்தி. எதையுமே டப்பாவுலேர்ந்து அப்படியே அடிக்கக் கூடாது. எளக்கித்தான்…"

"அவ என்ன செவுரா?"

பெரியவர், "தம்பி, நான் அப்புறமா வரேன்" என்று நழுவினார்.

அவன் பட்டனைக் கழற்றிச் சட்டைக் கையைச் சுருட்டினான். அத்தனை வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. முழங்கையைச் சுற்றித் தோல் வெங்காயச் சருகாக மெலிந்து கிடந்தது. உள்ளே நரம்பு நீலமாகத் தெரிந்தது. அங்கங்கே கன்றிய திட்டுகள், டப்பா இடித்தது என்று அவன் சொல்லிவந்தவை.

"எட்டு வருஷம் நானே வாங்கிப் பூசினது. ஒரு நாளைக்கு மூணு தடவைகூடப் பூசியிருக்கேன். தொட்டாலே கிழியுது. பாப்பாவுக்கு எழுதினதும் ஸ்டீராய்டுதான்னு உள்ள இருந்த பேப்பர்ல படிச்சேன். அவ கையும் இப்படி ஆயிடுமேன்னு…"

சூடு கண்ட பூனை. அவளுக்கு அந்தக் கையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காகக் கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"திட்டுவாங்க."

"உங்களுக்கு யாரையும் கேக்காம அள்ளி அள்ளிப் பூசினீங்க. அவளுக்கு யாரையும் கேக்காம கலந்தீங்க. கேக்கறதுக்கு வாயில என்ன, பூட்டா போட்டிருக்கு?"

அன்று மாலையே மூன்று பேரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்கள். அவர் கதை முழுவதையும் கேட்டார். பிறகு தான் எழுதிய சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தார்.

"நீங்க கலந்ததால, மருந்து வேலை செய்யலைன்னு நான் நாலு மடங்குக்குப் போக இருந்தேன். புரியுதா? நீங்க பயந்த எடத்துக்கு நீங்களே அவளைத் தள்ளிக்கிட்டுப் போயிருக்கீங்க. நீங்க பூசினது ரொம்ப வீரியமானது, வருஷக்கணக்கா, யாரும் பாக்காம. இது நடுத்தரம், கொஞ்சம் எடம், பத்து நாள், நான் பாத்துக்கிட்டு இருக்கேன். ரெண்டும் ஒண்ணா? கலந்தா எந்த எடத்துல எவ்வளவு மருந்து விழுதுன்னு யாருக்குமே தெரியாது. உங்க களிம்பையும் இன்னிக்கே திடீர்னு நிறுத்திடாதீங்க, பொங்கிக்கிட்டு வரும். நாளைக்கு நீங்க வந்து காட்டுங்க."

அவன் தலையாட்டினான். திட்டு விழுந்தது, உயிர் போகவில்லை. இந்தத் திட்டுக்குப் பயந்துதான் மூன்று மாதம்.

அதே பழைய களிம்பு, புது டியூப், எதுவும் கலக்காமல். நான்காம் நாள் சிவப்பு இறங்கியது. ஏழாம் நாள் காலை, பள்ளிக்குக் கிளம்பும் முன், முழங்கை மடிப்பைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. அவன் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷத்திலும் அவளுக்கு அவன்மேல் எரிச்சலே முந்தியது. "பாத்தீங்களா? மூணு மாசம் முன்னாடியே ஆகியிருக்க வேண்டியது. எல்லாம் உங்களால. எல்லாமே உங்களால."

மகள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அப்போ நான் சொறிஞ்சதால இல்லையாம்மா?"

"இல்லடா கண்ணா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அப்பா மருந்துல கலந்ததாலதான்."

மகள் யோசித்தது. கோபமாக இல்லை, கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டது.

"அப்போ அன்னிக்கு சொறிஞ்சேன்னு ஸ்கேலால ஏன்மா அடிச்ச?"

அவள் அவன் பக்கம் திரும்பினாள். திட்டுவதற்கு வாய் திறந்தும்விட்டாள். அடி விழுந்த அன்றைக்கு அவன் வீட்டிலேயே இல்லை.