மூன்று டிகிரி

துக்க வீட்டு வாசலில் ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஜஸ்டின் வெள்ளை வேட்டியோடு பிக்கப் வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனான். விடியலில் விழுந்த சாரலில் தரை நசநசவென்று கிடந்தது. உள்ளே அவன் அண்ணன் பெஞ்சமின் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். அது அவருடைய சொந்தப் பெட்டி. பதினோரு வருடமாக மேலகரத்தைச் சுற்றி எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் இந்த வண்டியில்தான் அந்தப் பெட்டி போகும். நேற்றுக் காலை அச்சன்புதூரில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் அவரே போய்விட்டார்.

"இந்த நேரத்துல வண்டிக்கு அடியில என்னத்தத் தேடுதான்?" என்று யாரோ சலித்துக்கொண்டார்கள்.

நாலு நாளைக்கு முன்னால் இந்த வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்திக் கொடுத்தவன் ஜஸ்டின்தான். "இடது தோளு கொஞ்ச நாளாவே வலிக்குதுலே. பெட்டியத் தூக்கி வைக்க முடியல. ஒரு மூணு இஞ்சு எறக்கிக் குடு" என்று அண்ணன் கேட்டார். அவன் ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டை உருவி எடுத்தான். உருவுவது பெரிய வித்தை இல்லை. பின்பக்கம் இறங்கினால் அச்சு லேசாகத் திரும்பிவிடும். கியர்பாக்ஸிலிருந்து அச்சுக்கு வரும் ஷாஃப்டின் கோணம் கெட்டுப்போகும். அதைச் சரிக்கட்ட, ஒருபக்கம் தடித்த ஆப்புத் தகட்டைப் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் செருக வேண்டும். பக்கம் மாறிச் செருகினால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அடிவயிற்றிலிருந்து முனகும். அன்றைக்கு அவன் மெக்கானிக் கடையில் நாலு வண்டி காத்து நின்றன. தகட்டை எந்தப் பக்கமாகச் செருகினோம் என்று அவனுக்கு நிச்சயமில்லை. அளந்தும் பார்க்கவில்லை.

நேற்று எட்டே காலுக்கு அண்ணன் போன் செய்தார். வண்டியில் சத்தம் வந்தால் விவரம் ஏதும் சொல்லாமல் போனைச் சத்தத்தின் பக்கம் நீட்டுவது அவர் வழக்கம். காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் தம்பி என்று ஊரெல்லாம் பெருமையடிப்பார். "ஏலே..." என்றார். பிறகு முனகல் மட்டும் வந்தது. தணிவாக, விட்டு விட்டு.

ஜஸ்டின் கையிலிருந்த ஸ்பானரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "நாப்பதுல போறியளாண்ணே? ஆக்சிலேட்டர மிதிச்சு அறுவதுக்கு ஏத்துங்க, சத்தம் போயிரும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மாரடைப்பு என்றார் டாக்டர். போனில் கேட்ட சத்தத்தை ஜஸ்டின் சொன்னதிலிருந்து அண்ணன் மனைவி ஜெனி மைனி அதை ஒப்பவில்லை. "அந்தச் சத்தத்துல பதறித்தான உசுரு போச்சு? நீ எறக்குன வண்டிதான தம்பி?" என்று இரவெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்போது வண்டிக்கு அடியில் கிடந்தபடி, கோணம் பார்க்கிற ஆப்பைப் போனில் திறந்தான். கியர்பாக்ஸ் முனையில் வைத்தான். கீழ்நோக்கி மூன்று டிகிரி. நகர்ந்துபோய் அச்சின் மூக்கில் வைத்தான். மேல்நோக்கி மூன்று டிகிரி. மறுபடி அளந்தான். அதே மூன்று. இரண்டு முனையும் ஒத்துப்போயின, தகடு சரியான பக்கமாகத்தான் இருந்தது. ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான், துளி ஆட்டமில்லை. இந்த வண்டி முனகியிருக்கவே முடியாது. நிம்மதியில் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

சக்கரத்தின் அருகே இரண்டு கால்கள் வந்து நின்றன. அச்சன்புதூர் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் பால்வண்ணநாதன். அண்ணனை முதலில் பார்த்தவர், பிறகு வண்டியைக் கொண்டுவந்து விட்டவர். குனிந்து எட்டிப் பார்த்தார்.

"வண்டியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நான்தான ஓட்டிட்டு வந்தேன், ஒரு சத்தம் கெடையாது."

"போன்ல நான் கேட்டேனே. ஓடும்போது முனகிச்சே."

"ஓடும்போதா? அவிய என் கடைக்கு எதுக்க ஓரங்கட்டி, எஞ்சின அணைச்சிட்டுல்லா போன் போட்டாவ. ஏதோ கேட்டுட்டு, மறுபடி சாவியத் திருக்குனாவ. ஆக்சிலேட்டர ஒரு மிதி மிதிச்சாவ. அம்புட்டுதான், அப்பிடியே சாஞ்சிட்டாவ."

ஜஸ்டின் அசையாமல் கிடந்தான். நேற்றுக் கேட்ட சத்தம் மறுபடி காதுக்குள் ஓடியது. இருபது வருடமாக வண்டிகளைக் கேட்கிற காது அது. எந்த ஷாஃப்டும் அப்படி முனகி, நிறுத்தி, மூச்சை இழுத்துவிட்டு முனகாது என்று அந்தக் காதுக்கு இப்போதுதான் உறைத்தது. இறங்குங்கண்ணே, வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வெளியே வந்தபோது ஜெனி வாசலில் நின்றாள். "என்ன தம்பி?"

"வண்டி சரியாத்தான் இருக்கு மைனி."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். "உன்னையப் போயி சொல்லிட்டேனே. மன்னிச்சிருய்யா." பிறகு வாசலில் நின்றவர்களைப் பார்த்து, "தம்பி மேல எந்தத் தப்பும் இல்ல, கேட்டுக்கிடுங்க" என்று சத்தமாகச் சொன்னாள். நாலைந்து பேர் வந்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள். பால்வண்ணநாதன் மட்டும் தள்ளி நின்றார்.

தாழ்ந்திருந்த வண்டியில் சவப்பெட்டியை ஏற்றுவது சுலபமாக இருந்தது. ஜஸ்டின் ஏறி எஞ்சினைக் கிளப்பினான். சர்ச்சிலிருந்து வந்திருந்த குருவானவர் கையை உயர்த்தினார். அணைக்கச் சொல்லி யாரோ சைகை காட்டினார்கள். ஜஸ்டின் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் குருவானவரே ஜன்னலுக்கு வந்தார்.

"ஜஸ்டின், ஜெபம் பண்ணப் போறோம். அணைச்சிருங்க."

அணைத்தான். எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவன் காதைத் தீட்டினான். பின்னாலிருந்து அதே முனகல் வந்தது, தணிவாக, விட்டு விட்டு. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாரும் தலை நிமிரவில்லை.

ஜெபம் பாதியில் இருக்கும்போதே அவன் சாவியைத் திருகினான்.