ஒரு ஏனுங்க

பாவாயி தன் புருசன் பெரியண்ணன்கிட்டப் பேசி ஆறு வருசமாச்சு. பேசறதில்லைன்னா ஊமையாட்டம் இருந்தாள்னு நெனச்சுக்காதீங்க. அடுப்பைப் பாத்து, "களி கிண்டியாச்சு, திங்கறவங்க திங்கலாம்"னுவா. மாட்டைப் பாத்து, "கடைக்குப் போறவங்க உப்பு வாங்கியாரட்டும்"னுவா. பெரியண்ணனும் அதைக் காதுல வாங்கிக்கிட்டுப் போயி உப்பு வாங்கிட்டு வருவான். மலைமேல இருக்கற மாரமங்கலத்துல எந்த ஊட்டுல பாத்தாலும் பொம்பளைங்க புருசனைக் கூப்புடறது "ஏனுங்க"ன்னுதான். அந்த ஒரு சொல்லு மட்டும் அவன் ஊட்டுல செத்துப் போச்சு.

பாவாயி மேல தப்புச் சொல்ல முடியுமா? முடியாதுங்க. மக சிவரஞ்சனி பதினேழு வயசுல காய்ச்சல்ல கெடந்து கண்ணு சொருகினப்ப, "தனபால் ஜீப்பைக் கேளுங்க, சேலத்துக்குக் கொண்டுட்டுப் போயிரலாம்"னு கால்ல உழாத கொறையாக் கெஞ்சுனா. வேலித் தகராறுல பக்கத்துத் தோட்டத்துத் தனபாலும் பெரியண்ணனும் மொகம் பாக்காம இருந்த சமயம் அது. "அவன் வாசல்ல போயி நிக்க மாட்டேன். காலைல மொத பஸ்சுக்குப் போயிக்கலாம்"னான் பெரியண்ணன். மொத பஸ் வந்தப்ப புள்ள உசுரோட இல்ல. பாழாப்போன வீராப்பு!

இந்த வருசம் மொளகு பறிச்சு முடிச்ச கையோட பாவாயிக்குக் கழுத்துக் கட்டி பெருசாகி, சோறு முழுங்கவே செரமமாப் போச்சு. தைராய்டுக் கட்டி, ஆபரேசன் பண்ணி எடுத்தே ஆகணும்னு சேலத்துல சொல்லிட்டாங்க. குறிச்ச நாளைக்கு விடிஞ்சதும் விடியாததுமா பெரியண்ணன் தனபால் வாசல்ல போயி நின்னான். அன்னிக்கு நிக்காத வாசல். பாவாயி ஜீப்புல பின்னால ஏறி உக்காந்தா. ஜீப்பு மலை எறங்குச்சு.

ஆபரேசன் முடிஞ்ச மறுநாள், கட்டிலோரம் குனிஞ்சு உக்காந்திருந்தவன் காதுல கரகரன்னு ஒரு கொரல் உழுந்துச்சு.

"ஏனுங்க."

பக்கத்துக் கட்டில்ல யாரோ கூப்புடறாங்கன்னு நெனச்சான்.

"ஏனுங்க, உங்களைத்தான். சாப்புட்டீங்களா?"

பெரியண்ணன் தலையைத் தலையை ஆட்டுனான். அப்புறம் ரெண்டு நாளும் பாவாயி ஓயவே இல்ல. கல்யாணமான புதுசுல சேர்வராயன் கோயில் தேர்த் திருவிழாக் கடையில ரெண்டு பேரும் பனிமூட்டத்துல தொலைஞ்சு போனதைச் சொல்லிச் சிரிச்சா. மகளைப் பத்தியும் பேசுனா. "நம்ம கண்ணு இருந்திருந்தா, இந்தப் புள்ளைங்களாட்டம் நர்சு துணி போட்டுக்கிட்டு நிக்குமுங்க"ன்னா. "எம் மக"ன்னே சொல்லிட்டிருந்தவ வாயில "நம்ம"ன்னு வந்ததும் அவன் எந்திரிச்சுப் போயி வராண்டாவுல நின்னு அழுதுட்டு வந்தான்.

"ஏங்கண்ணு, இவ இத்தனை பேசறாளே, நல்லதுதானா?"ன்னு நர்சு பானுவைக் கேட்டான்.

பானு சிரிச்சா. "ஆபரேசனுக்கு முன்னால ஸ்டீராய்டு ஊசி ஒன்னு போட்டமுங்கய்யா. வாந்தி வராது, தொண்டை வீங்காது, வலியும் கொறையும். சில பேருக்கு அதுல ஒரு துள்ளல் வந்துருது. ரெண்டு நாள்ல அடங்கிருமுங்க."

அடங்கித்தான் போச்சு. ஊட்டுக்கு வந்த மொத நாள் காலைல பாவாயி அடுப்பைப் பாத்து, "கஞ்சி ஆறுது, குடிக்கறவங்க குடிக்கலாம்"னா. பெரியண்ணன் கையில சொம்போட அப்பிடியே நின்னுட்டான். இதுக்கு அந்த ஏனுங்கவைக் கேக்காமயே இருந்திருக்கலாம்.

ஆசை யாரை விட்டுச்சு? அன்னிக்கே பஸ் புடிச்சுப் போயி, ஒரு மருந்துக் கடையில "ஸ்டீராய்டு மாத்திரை"ன்னு கேட்டான். கடைக்காரன் சீட்டு இருக்குதான்னுகூடக் கேக்காம ஒரு அட்டையை எடுத்துப் போட்டான். பாவாயிக்கு எழுத்துத் தெரியாது. காலைல கட்டிக்கான மாத்திரை, சுண்ணாம்புச் சத்து மாத்திரை ரெண்டும் குடுக்கறது அவன்தான். அதோட இதையும் ஒன்னு சேத்தான். அவ கையை நீட்டுவா, வாங்குவா, முழுங்குவா.

பத்து நாளாகியும் பேச்சு வரல. ஒன்னை ரெண்டாக்குனான். பாவாயிக்குப் பசி பசின்னு வந்துச்சு, மொகம் உப்புச்சு, தூக்கம் போச்சு. பேச்சு மட்டும் வரல. மூணாவது வாரம், ஆறிக்கிட்டு வந்த கழுத்து வெட்டு வாயைப் பொளந்து சீழ் கட்டிருச்சு.

சேலத்து டாக்டரம்மா புண்ணைப் பாத்தாங்க, உப்புன மொகத்தைப் பாத்தாங்க, ரத்தத்துல சக்கரை ஏறிக் கெடந்ததைப் பாத்தாங்க, பெரியண்ணனைப் பாத்தாங்க. "யாரு இவங்களுக்கு ஸ்டீராய்டு குடுத்தது? நாங்க போட்டது ஒரே ஒரு ஊசி. இப்பிடி நாள்கணக்கா முழுங்குனா புண்ணு எப்பிடிய்யா ஆறும்? உசுருக்கே வந்திருக்கும்!"

பெரியண்ணன் சொல்லிரணும்னு வாயைத் தொறந்தான்.

"நாந்தானுங்க"ன்னா பாவாயி. "முட்டி வலிக்குதுன்னு நானே வாங்கி முழுங்குனேன்."

பத்து நாள் படுக்க வெச்சுப் புண்ணைக் கழுவிக் கட்டுனாங்க. அந்த மாத்திரையை ஒரேடியா நிறுத்துனா மயக்கம் போட்டு ஆளையே சாச்சுரும், கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும்னு சொல்லி அனுப்புனாங்க. ஆக, குடுத்த கையாலயே இன்னும் குடுக்கணும்.

மறுநாள் காலைல பெரியண்ணன் மாத்திரையைப் பாதியா ஒடைச்சு அவ உள்ளங்கையில வெச்சான்.

"தெரிஞ்சேதான் முழுங்குனயா பாவாயி?"

அவ அடுப்பைப் பாத்தா. "ஆசுபத்திரியில ரெண்டுன்னாங்க. இங்க மூணு வந்துச்சு, அப்புறம் நாலு வந்துச்சு. படிக்கத் தெரியாதவளுக்கு எண்ணவுமா தெரியாது?"

"அப்புறம் எதுக்கு முழுங்குன?"

அவ அடுப்புல வெறகைத் தள்ளி விட்டா. "அந்த ரெண்டு நாளாட்டம் பேச்சு வந்துராதான்னு குடுத்தவங்களுக்கு மட்டுந்தான் ஆசையா? முழுங்குனவளுக்கும் இருந்துச்சு. வரல. என்ன பண்றது, வரல."

பெரியண்ணன் அங்கயே தரையில உக்காந்து, சின்னப் புள்ளையாட்டம் வாய்விட்டு அழுதான். பாவாயி பாதி மாத்திரையை வாயில போட்டுத் தண்ணி குடிச்சா. கழுத்துக் கட்டைத் தடவிப் பாத்துக்கிட்டா. அப்புறம் அடுப்புக்குச் சொன்னா.

"அழுவறவங்க அழுதுட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டட்டும்."