ஊறுகாய்க்கும் பிரியாணிக்கும் நடுவே

தன்னுடைய கவிதைப் புத்தகம் சமையல் வரிசையில், ஊறுகாய் வகைகளுக்கும் பிரியாணிக்கும் நடுவே நிற்பதைப் பார்த்ததும் டெல்பினுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ‘சாளைக் குழம்பு’ என்று மீன்குழம்பின் பெயரைத் தலைப்பாக வைத்தது அவள்தான். அதற்காக இப்படியா? கடலோர ஊரில் பிறந்து, கல்யாணமாகி ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தபடி ஆறு வருடமாக எழுதிச் சேர்த்த கவிதைகள் அவை. உருவி எடுத்துக்கொண்டு நூலகர் நீலாம்பாளின் மேசைக்குப் போனாள்.

“இது சமையல் புஸ்தகம் இல்லக்கா. கவிதை. நான் எழுதுனது.”

நீலாம்பாள் அட்டையைப் பார்த்தாள். மண்சட்டி, அதிலிருந்து ஆவி. “பேரும் படமும் இப்படி இருந்தா நான் என்னத்தக் கண்டேன்? இப்பவே மாத்திருதேன்,” என்று பேனாவை எடுத்தவள், பின்பக்கத்துத் தாளைப் பார்த்து நிறுத்தினாள். அது முழுக்க இரவல் போன தேதிகளின் முத்திரைகள். “கவிதை அலமாரிய நான் தூசி தட்டத்தான் தொறக்கேன். யோசிச்சுச் சொல்லுங்க.”

அப்போது அக்தர் பானு உள்ளே வந்தாள். அடுத்த தெருவில் தையல்கடை வைத்திருப்பவள். டெல்பின் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

“நீங்க எடுத்துட்டியளா? வாசிச்சிட்டு எனக்குத் தாங்க. நான் ஏற்கெனவே ரெண்டு தடவ வாசிச்சாச்சு. குழம்பு வைக்க ஒண்ணும் சொல்லித்தரல. ஆனா, கடலுக்குப் போனவருக்குன்னு அதுல வர்ற அம்மா மீன்தலைய ஒதுக்கி வைப்பால்லா, அங்கன வந்ததும் மிஷின நிறுத்திட்டேன்.”

எழுதியவள் யாரென்று சொல்ல நீலாம்பாள் வாயெடுத்தாள். டெல்பின் வேண்டாமென்று தலையசைத்தாள்.

“அது கவிதைங்க,” என்றாள் மெல்ல.

“கவிதையா?” பானு சிரித்துவிட்டாள். “தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேனே.”

டெல்பின் சிரிக்கக் கூடாதென்றுதான் இருந்தாள். முடியவில்லை. கவிதை என்ற ஒரு சொல் இத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. ஆனாலும் அந்தச் சொல்லுக்காகத்தானே ஆறு வருடம்?

“எங்கன வைக்கட்டும்?” நீலாம்பாள் பேனாவோடு காத்திருந்தாள்.

“பொறவு வைக்கலாம்க்கா. மொதல்ல இவங்க வாசிக்கட்டும்.”

பானு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, மழைநாளில் வலை காயாத வீட்டைப் பற்றிய பக்கத்தை விரித்து, நீலாம்பாளுக்குக் கேட்கும்படி சத்தமாக வாசித்தாள். டெல்பின் யோசித்து யோசித்து முறித்த வரிகளில் ஒன்றில்கூட நிற்காமல் ஓடினாள். பிறகு டெல்பின் நினைத்தே பார்க்காத ஓரிடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நாளிதழ் மேசையில் ஒருவர் பேப்பரைப் பாதியில் மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.